வரிசையின் தலையும் வாலும்

எங்கள் தொழிலில் உழைப்பு யாருக்கும் தெரியாது. தப்பு மட்டும் ஊருக்கே தெரிந்துவிடும். ஆராய்ச்சி மாணவராக இருந்துகொண்டு வீட்டில் வாயைத் திறந்து மாட்டிக்கொண்டவர்களுக்கு, நான் சொல்வது புரியும்.

என்ன படிக்கிறே?

மலேசியாவின் அசாம் ஜாவாவில் எங்கள் பக்கத்து வீட்டு எஸ்தர் அக்கா கேட்டார். குவாண்டம் இயற்பியல் என்றேன், தரையைப் பார்த்துக்கொண்டே. வரிசையாக நிற்கும் அணுக்களில் முதல் அணுவைத் தட்டினால், கடைசி அணுவுக்கு அது எப்போது தெரியும் என்று கணினியில் கணக்குப் போடுகிறேன். ஒவ்வோர் அணுவும் பக்கத்து அணுவோடு மட்டுமே பேசும். அதனால் சேதிக்கு ஒரு வேக வரம்பு உண்டு.

"உங்கம்மாவுக்கு அந்த வரம்பெல்லாம் கிடையாதுலா!"

சாட்சி

ஒருநாள் என் கணினியில் சேதி வரம்பை மீறிப் போய்ச் சேர்ந்தது. பேராசிரியரிடம் காட்டுவதற்கு முன்பே அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அம்மா ஞாயிறு ஆராதனையில் எழுந்து, முடியாது என்றதை மகள் முடித்துவிட்டாள் என்று சாட்சி சொல்லி, அடுத்த வாரம் சபைக்கே நன்றி விருந்து என்று அறிவித்துவிட்டார்.

விருந்துக்கு முந்தின நாள் பேராசிரியர் தப்பைக் கண்டுபிடித்தார். நிரலில் கடைசி அணுவை முதல் அணுவோடு சேர்த்துக் கட்டியிருந்தேன். வரிசை வளையமாகிவிட்டது, சேதி பின்வாசல் வழியாகப் போயிருக்கிறது. வரம்பு அசையவே இல்லை. கறிக்கு மசாலா தடவிக்கொண்டிருந்த அம்மாவிடம் சொன்னேன். கை நின்றது.

"கறி வாங்கியாச்சு, ஆண்டவருக்கு நன்றியும் சொல்லியாச்சு. இனி நான் எந்த மூஞ்சியோட எழுந்து நிப்பேன்? நாளைக்கு நீயே எல்லார்கிட்டயும் சொல்லு."

கரண்டி

மறுநாள் ஆராதனையில் போதகர் மைக்கை நீட்டினார். "நன்றி" என்று மட்டும் சொல்லி உட்கார்ந்துவிட்டேன். எல்லாரும் கைதட்டினார்கள். அம்மா மட்டும் தட்டவில்லை.

அதனால் விருந்தில் கரண்டியை நான் பிடித்தேன். ஒவ்வொருவர் தட்டிலும் கறியைப் போட்டு, "என் கணக்கு தப்பாயிடுச்சு" என்று மெதுவாகச் சொன்னேன். முதலில் எஸ்தர் அக்கா. தலையாட்டிவிட்டுப் போனார். வரிசையின் கடைசியில் சாமுவேல் அங்கிள். சாட்சி முடிந்ததும் அம்மாவின் கையைப் பிடித்துக் குலுக்கியவர். அவரிடம் எப்படிச் சொல்வதென்று ஒத்திகை பார்த்துக்கொண்டே இருந்தேன். கூடத்தைச் சுற்றி வளைந்த வரிசையின் வால், எஸ்தர் அக்கா சாப்பிட உட்கார்ந்த மேசையை ஒட்டி நின்றதை நான் கவனிக்கவில்லை. அங்கிள் வந்தார். நான் வாய் திறப்பதற்குள் தட்டை நீட்டினார்.

"தப்பாப் போச்சாமே பாப்பா, எஸ்தர் அப்பவே சொல்லிட்டாங்கலா. அழுவாம ரெண்டு துண்டு கூடப் போடு, உங்கம்மா பாக்குறாங்க."

தலையும் வாலும் ஒட்டிக்கொண்டதைப் பார்க்கத் தவறியது, எனக்கு இது இரண்டாவது முறை.