அழைக்காமல் வந்த பெரியம்மா

இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த சமயம். ஆவடிப் பக்கம் பட்டாளத்து லாரிகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போகும். அயனம்பாக்கம் ஏரிக்கரையை ஒட்டி எங்கள் வீடு. எனக்குப் பத்தொன்பது வயது, இடுப்பில் ஒன்றரை வயதுப் பெண் குழந்தை. வயதுதான் சின்னது, வாய் காதுவரை கிழிந்திருக்கிறது என்று மாமியார் சொல்லுவார்.

எங்கள் தெருக்கோடியில் எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா இருந்தார். ஊருக்கே பெரியம்மா. எட்டுப் பெற்று ஐந்தை மண்ணுக்குக் கொடுத்தவர். ஊரில் எந்தப் பெண் இறந்தாலும் குளிப்பாட்டி, சேலை கட்டி அனுப்புவது அவர்தான். வாந்திபேதி வந்து சொந்தக்காரர்களே ஓடிப்போன வருஷத்திலும் வீடு வீடாகப் போய்ச் செய்தாராம். பச்சைத் தண்ணீர் ஊற்ற விடமாட்டார். வெந்நீர் வைத்து, கைக்குழந்தைக்குப் பார்ப்பதுபோல் தன் முழங்கையில் விட்டுச் சூடு பார்ப்பார். "இப்டித் திரும்பு கண்ணு, கைய தூக்கு" என்று இறந்தவளிடம் பேசிக்கொண்டேதான் குளிப்பாட்டுவார். "ஆத்தாகிட்ட அழுக்கோட அனுப்பக் கூடாது" என்பார். முடிந்ததும் ஏரியில் முழுகிவிட்டு, கரையிலுள்ள அம்மன் கோயிலில் ஒரு விளக்கு ஏற்றுவார்.

இத்தனையும் செய்தவருக்கு ஊர் கொடுத்த மரியாதை, அவர் தெருவில் வந்தால் கதவைச் சாத்திக்கொள்வது. அழைக்காமல் அவர் படியேறினால் அந்த வீட்டில் சாவு விழும் என்று ஒரு பேச்சு. நானும் அதை நம்பினேன்.

அந்த ஆடி மாதம் என் குழந்தைக்குக் கடுமையான காய்ச்சல். நாலாம் நாள் பால்கூட உள்ளே இறங்கவில்லை. கணவர் டாக்டரைத் தேடிப் பூந்தமல்லிக்குப் போயிருந்தார். உச்சி வெயில் நேரம். தெருக்கோடியில் ஒரு கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு அடுத்த வீடு. பிறகு அதற்கடுத்தது. சத்தம் எங்கள் வீட்டை நோக்கி வந்துகொண்டே இருந்து, பக்கத்து வீட்டோடு நின்றது. கதவைத் திறந்தேன். பெரியம்மா நின்றிருந்தார். வலது கையை இறுக மூடியிருந்தார்.

"கொழந்த எப்டி கீது? உள்ள உடு கண்ணு, ஒரு நிமிசம்."

கதவைப் பிடித்துக்கொண்டு அவர் முகத்துக்கு நேராகவே கத்தினேன். "எங்க ஊட்ல யாரும் சாவல. உன்ன யாரு கூப்ட்டாங்க? போய்டு."

அவருக்குக் கோபமே வரவில்லை. "போறேன். நாளைக்கி நீயே வருவ," என்றார்.

கதவை அறைந்து சாத்தினேன். நான் அவரைத் தேடிப் போக ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும். அதற்குப் பிறகு குழந்தையை மடியை விட்டு இறக்கவே இல்லை.

விடிந்தபோது குழந்தைக்கு வியர்த்திருந்தது. காய்ச்சல் இறங்கி, கஞ்சி கேட்டது. அழுதுகொண்டே ஊட்டிக்கொண்டிருந்தேன். அப்போது பெரியம்மாவின் மருமகள் வாசலில் வந்து நின்றாள்.

"அத்த வெடிகாலைல போய்ட்டாங்க. குளிப்பாட்ட யாருக்கும் தெரியல, தொடவே பயப்படறாங்க. நேத்து உங்க ஊட்லருந்து வந்ததுமே சொன்னாங்க, 'என்ன ஏரிக்கர ஊட்டுப் பொண்ணு தான் குளிப்பாட்டணும், அவ ஒருத்தி தான் கதவத் தொறந்து என் மூஞ்சியப் பாத்துத் திட்னா'ன்னு."

மாமியார் போகக் கூடாது என்றார். எனக்கும் பயம்தான். ஆனால் திட்டிய வாய் என்னுடையது. குழந்தையை மாமியார் கையில் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

கொல்லையில் ஓலை மறைப்புக்குள் கிடத்தியிருந்தார்கள். வெந்நீர் வைக்கச் சொன்னேன். முழங்கையில் விட்டுச் சூடு பார்த்தேன். எண்ணெயும் சீயக்காயும் தேய்த்தாயிற்று. வலது கை மட்டும் மூடியே இருந்தது. இரண்டு பெண்கள் சேர்ந்து விரலைப் பிரிக்கப் பார்த்தும் அசையவில்லை. "நேத்துலருந்து அந்தக் கைய தொறக்கவே இல்ல, சோறு கூட துன்னல," என்றாள் மருமகள். எனக்கு வேறு வழி தெரியவில்லை. அவரைப் போலவே பேசினேன்.

"கைய தொற பெரிம்மா. நான் தான் வந்துகீறேன்."

வெந்நீரை ஊற்ற ஊற்ற விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. கூட இருந்தவர்கள் மறைப்பைத் தள்ளிக்கொண்டு வெளியே ஓடிவிட்டார்கள். உள்ளங்கையில் குங்குமம் அப்பிய ஒரு மஞ்சள் கயிறு இருந்தது. அம்மன் காலடியில் வைத்து எடுத்துக் கட்டுவது. குழந்தை மணிக்கட்டு அளவுக்குச் சின்னதாக முடிந்திருந்தது.

வெந்நீர் பட்டால் விறைத்த விரல் தளரும் என்று பின்னாளில் ஒரு கம்பவுண்டர் சொன்னார். இருக்கலாம். நான் வருவேன் என்று பெரியம்மாவுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். அவர் பேச்சை மாற்றிவிட்டார்.

பிணத்தின் கையிலிருந்து எடுத்ததைப் பிள்ளைக்குக் கட்டுவதா என்று ஊரே தடுத்தது. நான் ஏரியில் முழுகி, விளக்கு ஏற்றிவிட்டு வந்து கட்டினேன்.

அதன்பிறகு எங்கள் ஊரில் அந்த வேலை எனக்கே வந்து சேர்ந்தது. இப்போது எனக்கும் தலை நரைத்துவிட்டது. தெருவில் நடந்தால் கதவுகளைச் சாத்துகிறார்கள். கோபம் வருவதில்லை, யாராவது ஒருத்தி கதவைத் திறந்து என் முகத்தைப் பார்த்துத் திட்டமாட்டாளா என்று ஒவ்வொரு வாசலாகப் பார்த்துக்கொண்டே போகிறேன்.