‘ரிட்டர்ன்’ இருக்க ‘பேக்’ எதற்கு?

ஆங்கிலத்தில் ‘ரிட்டர்ன்’ என்றாலே திரும்புவதுதான். அதன் பின்னால் ‘பேக்’ எதற்கு? இப்படி ஒட்டிக்கொண்டு வரும் உபரிச் சொற்களைக் கண்டால் எனக்குள் ஓர் உற்சாகம் பிறந்துவிடும். அதற்குத் துணையாக வாய்த்தவள், மேலகரத்தில் எங்கள் அடுத்த வீட்டுக்காரி. என் வயதுதான். கணவர் சவூதியில், பிள்ளைகள் வெளியூரில் படித்தார்கள்.

சென்ற சாரல் பருவத்தில், குற்றாலத்து விடுதி ஒன்றில் தொலைபேசியில் பேச ஆள் தேடினார்கள். திருமணத்துக்குப் பிறகு அவள் ஆசைப்பட்ட முதல் வேலை அது. “ஒரு நாள் வந்து பேசுங்கம்மா. இங்கிலீஷ்ல கூப்பிடுத ஒருத்தராவது உங்க பேச்சக் கேட்டு இங்க வந்து தங்கட்டும், வேல உங்களுக்குத்தான்” என்றிருந்தார் உரிமையாளர்.

எங்கள் சமையலறையில் ஆங்கிலப் பயிற்சி தொடங்கியது.

“‘ஃப்ரீ கிஃப்ட்’ல என்ன மதினி குத்தம் கண்டிய?” என்றாள் அவள்.

“கிஃப்ட்டுன்னாலே சும்மா குடுக்கதுதான? பொறவு ஃப்ரீ எதுக்கு?”

“சும்மாவா? எங்க நாத்தனா ஒரு குக்கர் கிஃப்ட்டு குடுத்தா. அவ வீட்டு விசேசம் ஒவ்வொண்ணுக்கும் இன்னும் செஞ்சுக்கிட்டுல்லா இருக்கேன்! நெசமாவே ஃப்ரீன்னா அதத் தனியாத்தான் சொல்லணும்.”

அரிந்துகொண்டிருந்த வெண்டைக்காயை வைத்துவிட்டுச் சிரித்தேன். நான் உபரி என்று ஒதுக்கிய சொல்லுக்குள் ஒரு குடும்பத்தின் கொடுக்கல் வாங்கலே அடங்கியிருந்தது. ஆனாலும், விடுதியில் ஒரு பொருளுக்கு ஒரு சொல்தான் என்று அவள் முடிவு செய்துகொண்டாள்.

பேசிக் காட்டவேண்டிய அன்று நானும் உடன் சென்றேன். தகரக் கூரையில் மழை இரைந்தது. உரிமையாளர் தாமும் கேட்பதற்காக ஸ்பீக்கரைப் போட்டுவைத்தார். கொல்லத்திலிருந்து குடும்பத்தோடு வந்துகொண்டிருந்த ஒருவர் கேரள எல்லையிலுள்ள புளியறையிலிருந்து ஆங்கிலத்தில் அழைத்தார். குற்றாலத்தில் எங்கும் அறை இல்லை என்று யாரோ சொன்னார்களாம். வண்டியைத் திருப்பிவிடலாமா என்றார்.

“ரூம் அவைலபிள். டோன்ட் ரிட்டர்ன்” என்றாள் அளவாக, அழகாக.

சிக்னல் விட்டு விட்டு வந்தது. “ஹலோ? ரிட்டர்ன்? ஓகே, ரிட்டர்ன்...”

‘டோன்ட்’ அவர் காதில் விழவே இல்லை. அவள் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டாள்.

“நோ, நோ! நோ ரிட்டர்ன் பேக்! கம் ஃபார்வர்ட் முன்னாடி! ரூம் இருக்கு, கன்ஃபார்ம், ஷ்யூர், உறுதி! இங்கன கம் ஹியர்!”

இணைப்பு அறுந்தது.

“எதக் கேட்டாரோ?” என்றார் உரிமையாளர். வாசலைக் கடந்த ஒவ்வொரு காரின் எண்பலகையையும் நாங்கள் இருவரும் எட்டி எட்டிப் பார்த்தோம். தமிழ்நாட்டு எண்கள். மறுபடியும் தமிழ்நாட்டு எண்கள். கடைசியில் கேரள எண்ணோடு ஒரு கார் தயங்கித் தயங்கி உள்ளே திரும்பியது. இறங்கியவர் மழைக்குத் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஓடி வந்து, பேசியது யாரென்று மலையாளத்தில் கேட்டார்:

“ஃபோணில் சம்சாரிச்சது ஆரா?”

அவள் கையை உயர்த்தினாள். அவர் சிரித்துவிட்டார். உரிமையாளர் அறைச் சாவியை எடுத்து, விருந்தினரிடம் கொடுக்காமல் அவள் கையில் வைத்தார்.

அவர்களை அறையில் சேர்த்துவிட்டு, புடவைக் கொசுவத்தைப் பிடித்தபடி படிகளில் ஏறக்குறைய ஓடியே இறங்கி வந்தாள்.

“மதினி! நாளைக்கு மார்னிங் காலையிலயே வரச் சொல்லிட்டாரு அண்ணாச்சி!”