காந்தத் தண்ணீரில் வெந்த பருப்பு

அந்த ஜக்கைப் பார்த்தாலே எனக்குக் குமட்டும். நீல நிற பிளாஸ்டிக், அடியில் வட்டமாக ஒரு காந்தம், மூடியில் தங்க நிறத்தில் ஒரு இதயப் படம். பரளச்சிப் பக்கம் என் அக்கா வீட்டில், சாமி படங்களுக்கு நேர் கீழே அதற்கு இடம் கொடுத்திருந்தார்கள்.

அத்தானுக்குச் சர்க்கரை. பல வருஷமாக மாத்திரையில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த மனிதர். அருப்புக்கோட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தில் டை கட்டிய ஒருவன் கூட்டம் போட்டு, சாப்பாடும் போட்டுப் பேசியிருக்கிறான். ரத்தத்தில் இரும்பு இருக்கிறதாம். காந்தத் தண்ணீர் உள்ளே போனால் அந்த இரும்பு விழித்துக்கொண்டு சர்க்கரையைக் கரைத்துவிடுமாம். அத்தான் ஜக்கை வாங்கி வந்தார், மாத்திரையை நிறுத்தினார். நான் போய்ப் பார்த்தபோது வலது கால் விரலிடுக்கில் புண். பக்கத்தில் உட்கார முடியாத வாடை.

நான் கல்லூரியில் வேதியியல் நடத்துகிறவள். அவன் முழுப் பொய் சொல்லியிருந்தால் காறித் துப்பிவிட்டுப் போயிருப்பேன். ஆனால் காந்தம் வேதிவினையை மாற்றும் என்பது நிஜம். நான் ஆராய்ச்சி செய்ததே அதில்தான். சில வினைகளில் ஒரு மூலக்கூறு ஒளி பட்டு இரண்டாக உடையும். ஒவ்வொரு துண்டிலும் துணையில்லாத எலக்ட்ரான் ஒன்று நிற்கும். துண்டுகள் திரும்பச் சேர்வதும் பிரிந்து போவதும் அந்த எலக்ட்ரான்களின் சுழற்சியைப் பொறுத்தது. பக்கத்தில் ஒரு காந்தத்தை வைத்தால் அந்தச் சுழற்சி லேசாகக் கலையும். கிடைக்கும் பொருள் கொஞ்சம் கூடும் அல்லது குறையும். வலசை போகும் பறவைகளுக்குத் திசை தெரிவதே கண்ணுக்குள் நடக்கும் இப்படியொரு வினையால்தானோ என்று இன்றும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். அந்தக் கடுகளவு மாற்றத்தைப் பார்க்க நான் இருட்டறையில் கண்ணைக் கெடுத்துக்கொண்டேன். இவன் அதை பிளாஸ்டிக்கின் அடியில் ஒட்டி விற்கிறான். ஜக்கில் இருக்கும் வெறும் தண்ணீரில் அப்படி உடைவதற்கு ஒன்றுமே இல்லை. ரத்தத்தின் இரும்பும் காந்தத்தைக் கண்டால் ஓடி வரும் ஆணி இல்லை. மூச்சுக்காற்றைச் சுமந்திருக்கும்போது காந்தத்தை விட்டு இம்மியளவு விலகத்தான் செய்யும்.

இதையெல்லாம் அத்தானுக்குப் புரிகிற மாதிரி சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அக்கா பக்கம் திரும்பி, "பருப்பு வெந்தத சொல்லு" என்றார்.

எங்கள் பக்கம் தண்ணீர் நல்லதா கெட்டதா என்று பருப்பைத்தான் கேட்பார்கள். போர் தண்ணீர் உப்பு. துவரம்பருப்பு அதில் எவ்வளவு கொதித்தாலும் கல்லாகவே கிடக்கும். சோடா உப்புப் போட்டால்தான் மசியும். அக்கா ஜக்குத் தண்ணீரில் பருப்பைப் போட்டிருக்கிறாள். வெண்ணெயாக வெந்திருக்கிறது. பருப்பையே கரைக்கிற தண்ணீர் சர்க்கரையைக் கரைக்காதா என்று வீட்டில் முடிவு கட்டிவிட்டார்கள்.

ஜக்கில் எந்தத் தண்ணீரை ஊற்றினாய் என்று கேட்டேன். கேன் தண்ணீர் என்றாள். போர் தண்ணீரை ஊற்றினால் உப்புப் படிந்து காந்தம் செத்துவிடும் என்று விற்றவன் சொல்லி அனுப்பியிருக்கிறான். கேன் தண்ணீர் குடிப்பதற்கு மட்டும்தான்; காசு கொடுத்து வாங்கிய தண்ணீரில் உலை வைக்கிற ஆள் எங்கள் ஊர்களில் கிடையாது. வெறும் கேன் தண்ணீரிலேயே பருப்பு வேகும் என்று யாருக்கும் தெரியாது. அது அவனுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. எங்கள் அடுப்படி வரை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் கடை விரித்திருக்கிறான். அவன் மேல் எனக்குக் கோபம் கூட வரவில்லை, அருவருப்புதான் வந்தது.

கேனிலிருந்து நேராகத் தண்ணீர் பிடித்து நானே பருப்பு வைத்தேன். அதுவும் வெண்ணெயாகவே வெந்தது. சட்டியோடு கொண்டுபோய் அத்தான் முன்னால் வைத்தேன்.

"கேனு ராத்திரி பூரா ஜக்குக்குப் பக்கத்துலதான இருந்துச்சு" என்றார். "நீயும் காந்தத்தப் படிச்சுத்தானம்மா பட்டம் வாங்குன? ஒனக்குன்னா உண்மை, எனக்குன்னா பொய்யா?"

படித்த படிப்பின் மேலேயே அன்று எனக்கு வெறுப்பாக இருந்தது.

புண் கறுத்த பிறகுதான் மதுரைக்கு வரச் சம்மதித்தார். விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தார்கள்; டாக்டர் முகம் சுளித்தார். எலும்பு வரை சீழ் போயிருக்கிறதா என்று பார்க்க உடனே ஸ்கேனுக்கு அனுப்பினார்கள். அந்த இயந்திரமே ஒரு ராட்சதக் காந்தம். அரைஞாண் கயிற்றில் கோத்திருந்த வெள்ளித் தாயத்தைக்கூடக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். இந்த மெஷினும் காந்தமா என்று அத்தான் என்னிடம் கேட்டார். ஆமாம், உங்கள் ஜக் இதற்கு முன்னால் தூசி என்றேன். அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது. அதைப் பார்க்கச் சகிக்காமல் வெளியே வந்துவிட்டேன்.

வெளியே கொண்டுவந்ததும் நர்ஸிடம் தானாகவே விரலை நீட்டினார். இன்னொரு தடவை பார்க்கச் சொன்னார். சர்க்கரை இறங்கவே இல்லை. அந்தச் சின்ன மெஷினையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஊசியப் போடச் சொல்லும்மா" என்றார்.

இரண்டு கால்விரல்களை எடுத்தார்கள். காலை மிச்சம் பிடித்ததே பெரிது என்றார் டாக்டர்.

வீட்டுக்குத் திரும்பிய அன்று முதல் வேலையாக அந்த ஜக்கை உடைக்க வேண்டும் என்றுதான் உள்ளே போனேன். சாமி படங்களுக்குக் கீழே இடம் காலியாக இருந்தது. எங்கே என்று அக்காவைக் கேட்டேன்.

"கெழக்கு வீட்டுக்காரவுக வாங்கிட்டுப் போயிருக்காக. அவுகளுக்கும் சக்கரையாம்."

என்ன சொல்லிக் கொடுத்தாய் என்று கத்தினேன்.

"பருப்பு வேகுமான்னு கேட்டாக. வேகும்னு சொன்னேன்" என்றாள் அக்கா. "வேகத்தானடி செஞ்சுச்சு?"

நான் வாசலுக்குக் கிளம்பினேன். அத்தான் கையைக் காட்டி நிறுத்தினார். கட்டுப் போட்ட காலைக் கட்டிலிலிருந்து மெதுவாகக் கீழே இறக்கினார்.

"நீ படிச்சவ, நீ சொன்னா கேக்க மாட்டாக. அந்தக் கம்ப எடு, நான் போய் காலக் காட்டிட்டு வாரேன்."