பத்துப் பேருக்கு வராத வலை

வசனக் கணக்குப் படிப்பிக்கிறவளுக்குக் கணக்கால் தொல்லையில்லை. வசனத்துக்குள் வாற மனிசரால்தான் தொல்லை. ஓ.எல். சோதனையில் கணக்கில் ஒருதரம் சறுக்கிய பெண்பிள்ளைகள், அசர் தொழுதுவிட்டு, கல்முனையில் என் வீட்டு முன்மண்டபத்துக்குப் படிக்க வருவார்கள். கணக்கென்றதும் உங்களுக்கும் ஓடி ஒளியத் தோன்றியிருக்கும்தானே? அப்ப நீங்களும் நம்ம ஆள்தான், கேளுங்க.

பொய்யர் ஊர்

ஒரு ஊரார் எப்போதும் உண்மை பேசுவர், மற்ற ஊரார் எப்போதும் பொய். சந்தியில் நிற்பவரிடம் ஒரேயொரு கேள்வி கேட்டு வழி கண்டுபிடிக்க வேணும். பழைய புதிர்தான். பிள்ளைகள் கொட்டாவி விட்டதால், சுவைக்காக நம்ம அக்கம்பக்கத்து ஊர்களின் பெயரை வைத்துத் தொலைத்தேன். அடுத்த நாளே ஒரு தாய் வந்து கேற்றடியில் என்னைப் பிடித்துக்கொண்டா. நம்ம பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்குக் குடிவருவார், தெரியும்தானே.

"பொய்க்கு வேற ஊரப் பாருங்க டீச்சர், அந்த ஊரிலயிருந்துதான் நாங்க மருமகன் எடுத்திருக்கம்."

கரைவலை

'இருபது பேர் கரையில் நின்று ஒரு கரைவலையை இரண்டு மணித்தியாலத்தில் இழுப்பர். பத்துப் பேர் இழுக்க எவ்வளவு நேரம்?' கடற்கரைப் பிள்ளைகளுக்கு விளங்கட்டும் என்று நானே கட்டிய கணக்கு. ஆள் பாதியானால் நேரம் இரட்டிப்பு. எல்லாரும் நாலு என்று எழுத, சிபானா மட்டும் வெறும் தாளோடு இருந்தாள். நேர்ஸாக வேணும் என்று துடிக்கிறவள். கணக்கில் பாஸ் இல்லையென்றால் விண்ணப்பமே போட ஏலாது. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "என்னடி புள்ள, பேனை எழுதாதா?" என்று ஏசினேன். அவள் பதறவேயில்லை.

"பத்துப் பேருக்கு வலை வராது டீச்சர், வலையோட ஆக்கள்தான் கடலுக்குள்ள போவாங்க."

வாப்பா

மறுகிழமை அவளுடைய வாப்பா வந்தார். கரைவலை இழுக்கிறவர், கயிறு அறுத்து உள்ளங்கை காய்த்துப் போயிருந்தது. "இந்தத் தரமும் பெயிலெண்டா படிப்பு போதும் டீச்சர், என்னால ஏலா" என்றார். மகள் எங்கே தடுக்கி விழுகிறாள் என்று காட்ட, அந்தக் கணக்கை வாசித்தேன். மனிசன் கவலையெல்லாம் மறந்து சிரித்துவிட்டார்.

"பத்துப் பேரா? அண்டைக்கு நான் காய்ச்சலெண்டு செல்லி வீட்டில படுத்திருவன்."

பெறுபேறு

வாப்பாவும் மகளும் சொல்வது சரிதான். ஆனால் தாள் திருத்துகிறவர் வலை இழுக்க வரமாட்டாரே! சிபானாவை இருத்திச் சொன்னேன்: கணக்கில் வாற ஆக்களுக்குக் களைப்பில்லை, பசியில்லை, தொழுகைக்குக்கூட எழும்ப மாட்டார்கள், மனிசரென்று நினைக்காதே, இலக்கமென்று நினை. சொல்லும்போதே எனக்கு வாய் கசந்தது.

சோதனையில் வாய்க்கால் வெட்டுகிற ஆட்களின் கணக்கு வந்ததாம். பெறுபேறு வந்த அன்று மஸ்கட் இனிப்புப் பெட்டியோடு ஓடி வந்தாள். பாஸ்! அல்ஹம்துலில்லாஹ் என்று கட்டிப்பிடித்தேன். "அந்தக் கணக்க எப்படிப் புள்ள எழுதின?" என்று கேட்டதும் அவள் கண் கலங்கிவிட்டது.

"வாப்பாட முகம் வந்து வந்து நிண்டிச்சி டீச்சர், அவர அந்தக் கயித்திலயிருந்து எடுக்கத்தான் அவர மறந்துபோட்டு எழுதின."

இப்போதும் அதே கணக்குக்கு நாலு மணித்தியாலம் என்று எழுதினால் சரி போடுகிறேன். பத்துப் பேருக்கு அந்த வலை வரும் என்று மட்டும் நான் நம்புவதில்லை.