ஐந்து சிலுவைமுத்துகள்

திண்டுக்கல்லில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்த லிடியாவுக்குப் பகலிலேயே கனவு காணும் பழக்கம் உண்டு. விரல்கள் தட்டிக்கொண்டிருக்கும், மனசு வேறெங்கோ மிதக்கும். 1999இல் பங்குக் கோயிலின் இறந்தோர் பதிவேட்டைப் பழைய மெஷினிலிருந்து புதியதற்கு மாற்றும் வேலை அவளிடம் வந்தது. கல்லறைத் திருநாள் பூசையில் அந்தப் பெயர்களை வாசிப்பார்கள்.

அச்சடித்த பட்டியலைப் பார்க்க வந்த, அந்தக் கோயிலைச் சேர்ந்த புஷ்பமேரி விரலால் வரிவரியாகத் தடவினாள்.

"ஏம்மா, ஒரே ஒரு சிலுவைமுத்துதான் இருக்கு. இது எந்தூரு? எங்க வீட்டுக்காரரு எரியோட்டுக்காரரு. அவரு எங்கம்மா?"

லிடியா பழைய கோப்பைத் திறந்தாள். ஐந்து சிலுவைமுத்துகள் இருந்தார்கள். ஒவ்வொரு பெயருக்கும் ஊருக்கும் நடுவே, இரண்டையும் பிரிக்க, பழைய மெஷின் ஓர் எழுத்தை வைத்திருந்தது. அதன் மதிப்பு பூஜ்யம், திரையில் தெரியாது. எழுத்துகளைச் சொற்களாகக் கையாள லிடியா எழுதிய ஸ்ட்ரிங் கிளாஸ் என்ற நிரல் பகுதியோ பூஜ்யத்தைக் கண்டால் சொல் முடிந்தது என்று நின்றுவிடும். ஊர்களைப் பார்க்காமலே ஐந்து பேரையும் ஒருவராக்கி, நால்வரை விட்டுவிட்டது.

அவளுக்கு, சாத்திய கதவுக்கு அந்தப் பக்கம் எரியோடும் சாணார்பட்டியும் கீரனூரும் வெயிலில் காத்துக் கிடப்பதுபோல் இருந்தது.

"பூஜ்யத்தையெல்லாம் அழிச்சிட்டா முடிஞ்சு போச்சுல்ல?" என்றார் சென்டர் முதலாளி ஸ்டீபன்ராஜ்.

"அழிச்சா பேரும் ஊரும் ஒட்டிக்கிரும் சார். எது எங்க முடியுதுன்னு அப்புறம் யாருக்கும் தெரியாது."

கிளாஸை முதலிலிருந்து எழுதினாள். எழுத்துகளோடு அவற்றின் நீளத்தையும் சேர்த்து வைத்தாள். நகலெடுப்பதும் ஒப்பிடுவதும் அந்த நீளம் முழுக்க நடந்தன. பூஜ்யம் வந்தாலும் தாண்டிப் போயின. பிரிண்டருக்கு அனுப்பும் இடம் மட்டும் இன்னும் பூஜ்யத்தில் நின்றுவிடும் என்பதால், அங்கே மட்டும் அதைக் காற்புள்ளியாக மாற்றினாள். மூன்று நாள் ஆயிற்று. இப்படி விடுபட்ட எல்லாப் பெயர்களும் சேர்ந்து புதிய பட்டியல் நாற்பது பக்கம் கூடுதலாக வந்தது.

கல்லறைத் திருநாளன்று தூறல். லிடியா கடைசி பெஞ்சில் அமர்ந்திருந்தாள். ஃபாதர் வாசித்துக்கொண்டே போனார். தொண்டை கட்டி, சற்று நேரம் நிறுத்தித் தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தார்.

"சிலுவைமுத்து, எரியோடு."

முன்வரிசையில் புஷ்பமேரி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். வாசிப்பு நின்றபாடில்லை. லிடியாவின் கண்கள் சொருகின. பெயரும் ஊருமாக ஒவ்வொருவரும் மழைக்குள் நடந்து போவது அவளுக்குத் தெரிந்தது.