அடுக்களைக்குத் தொண்ணூறு, பஸ் நிறுத்தத்துக்கு நூற்றெண்பது

பால்ட்ஸ் ஹெஃப்டி, சூரிச்சுக்கு அப்பால் மலைகளுக்கு நடுவே உள்ள கிளாருஸ் பள்ளத்தாக்கில் முப்பது ஆண்டுகளாகக் கட்டடங்களைப் படம் எடுத்து வருகிறார். மனிதர்களை எடுப்பதில்லை. அவர்கள் நேராக நிற்பதில்லை என்பது அவருடைய குறை. விருந்துக்குப் போன வீட்டில் சுவர்ப்படம் ஒரு நூல் சாய்ந்திருந்தாலும் அதைத் திருத்திவிட்டுத்தான் கோட்டைக் கழற்றுவார். இதனாலேயே விருந்துகள் குறைந்துவிட்டன. அதையும் அவர் ஒழுங்கின் வெற்றியாகவே எடுத்துக்கொண்டார்.

அவருடைய டெக்னிக்கல் கேமரா உள்ளங்கை அகல உலோகச் சட்டம். பின்னால் படம் பதிகிற மீடியம் ஃபார்மட் பெட்டி, முன்னால் லென்ஸ். அவ்வளவுதான். ஜூம் என்ற சொல்லை அதன் காதில் விழும்படி சொல்லக் கூடாது. லென்ஸும் ஒன்றே ஒன்று, நாற்பது மில்லிமீட்டர். அதைவிட நீளமாக ஒன்று வேண்டும் என்று பதினோரு வருடம் ஏங்கியதில், மனைவி எல்ஸ்பெத் ஒருவழியாக இறங்கி வந்தாள்.

"ஒண்ணு. அதுக்கு மேல பேச்சே கிடையாது."

சூரிச் கடைக்காரர் ஒரு வாரம் வைத்துப் பார்க்கச் சொல்லி இரண்டு கொடுத்தார். ஒன்று தொண்ணூறு மில்லிமீட்டர், இன்னொன்று அதைவிடத் தூரத்தை எட்டிப் பிடிக்கும் நூற்றெண்பது. சனிக்கிழமை ஒன்றைத் திருப்பித் தந்தாக வேண்டும். பால்ட்ஸின் மனம் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டது. நூற்றெண்பதைக் காலைச் சாப்பாட்டின்போது ரொட்டிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

அந்த வாரம்தான் ஊராட்சியின் கடிதம் வந்தது. புதிய தீயணைப்பு நிலையத்துக்குப் புல்வெளியில் கம்பங்கள் நட்டாகிவிட்டது. கட்டடம் எவ்வளவு உயரம், எவ்வளவு அகலம் என்று ஊரார் பார்த்துத் திட்டுவதற்காகச் சட்டப்படி நடுகிற கம்பங்கள். அடுத்த மாதம் ஊர்க்கூட்டத்தில் கைதூக்கி வாக்கெடுப்பு. அதற்கான சிறு புத்தகத்தில் ஒரே ஒரு படத்துக்கு இடம். 'பொதுமக்கள் நின்று பார்க்கும் இடத்திலிருந்து' எடுக்க வேண்டும் என்று நிபந்தனை.

தலைவர் காஸ்பர் சோப்ஃபி நேரிலேயே வந்தார்.

"பால்ட்ஸ், பஸ் நிறுத்தத்துல நின்னு எடுத்துடு. ஊரே அங்கதானே நிக்குது."

அங்கிருந்து கம்பங்கள் முந்நூறு மீட்டர். நூற்றெண்பதை மாட்டினால் கம்பங்களுக்குப் பின்னால் இருக்கும் ராம்ஹோர்ன் மலை படம் முழுக்க எழுந்து நின்றது. அதன் காலடியில் கம்பங்கள் காட்டிய தீயணைப்பு நிலையம் தீப்பெட்டி மாதிரி கிடந்தது. கட்டடம் சிறிதாகத் தெரிந்ததில் தலைவருக்கும், மலை பெரிதாகத் தெரிந்ததில் பால்ட்ஸுக்கும் கண் நிறைந்தது.

ஆனால் எல்ஸ்பெத்தின் அடுக்களை ஜன்னலிலிருந்து அதே கம்பங்கள் நாற்பது மீட்டர். இருபத்திரண்டு வருடமாக அந்த மலையைப் பார்த்துக்கொண்டுதான் அவள் உருளைக்கிழங்கு உரிக்கிறாள். கட்டடம் வந்தால் சிகரம் போய்விடும், தகரக் கூரைதான் மிஞ்சும்.

"அந்த நீட்டு லென்ஸை மாட்டி மலையை ஊதிக் காட்டப் போறியா?"

"லென்ஸ் ஊதாதும்மா. எங்க நிக்கிறோமோ அதுதான் கணக்கு. தள்ளி நின்னா மலை பெருசு, கிட்ட நின்னா கட்டடம் பெருசு. லென்ஸ் வெறுமனே வெட்டிக் கொடுக்கும்."

"அப்ப என் அடுக்களையில நில்லு."

"அது பொது இடம் இல்லையே."

எல்ஸ்பெத் அடுப்பைப் பார்க்கப் போனாள். அன்று மதியம், "திரு. ஹெஃப்டி, உங்க சூப் ஆறுது" என்றாள். அந்த ஊரில் 'நீ' என்று பேசுகிறவர்கள் 'நீங்கள்' என்று மாறினால், அடுத்த படி வக்கீல்.

வியாழக்கிழமை காலை வீட்டு வாசலில் ஒரு அட்டை தொங்கியது: 'பொதுப் பார்வையிடம். காப்பி உண்டு. பாதாம் பேஸ்ட்ரி உள்ளவரை.'

தபால்காரி முதலில் வந்தாள். பிறகு பள்ளி ஆசிரியர்கள், மர அறுவை ஆலைக்காரர்கள், தீயணைப்புப் படையில் பதினொரு பேர். சாயங்காலத்துக்குள் நாற்பத்து மூன்று பேர் அடுக்களையில் நின்று, ஜன்னல் வழியே கம்பங்களைப் பார்த்து, பேஸ்ட்ரியை மென்றபடி "அடடா" என்றார்கள். அந்த அடடா கம்பத்துக்கா பேஸ்ட்ரிக்கா என்பது தெளிவாகவில்லை.

பால்ட்ஸ் அன்று பகல் முழுக்கப் பஸ் நிறுத்தத்தில் நின்று எண்ணினார். இருபத்தாறு பேர். அதில் பத்தொன்பது பேர் கைப்பேசியைப் பார்த்தார்கள், நான்கு பேர் பஸ்ஸைப் பார்த்தார்கள்.

கடிதத்தை மறுபடி படித்தார். நின்று பார்க்கும் இடம். ஆசைப்பட்ட லென்ஸ் ஒரு பக்கம், கடிதத்தின் எழுத்து ஒரு பக்கம். பெட்டியைத் திறந்து நூற்றெண்பதை ஒருமுறை தடவிவிட்டு மூடினார்.

வெள்ளிக்கிழமை அடுக்களையில் கேமராவின் முக்காலி நின்றது. தொண்ணூறை மாட்டினார். கேமரா அண்ணாந்தால் கம்பங்கள் சாய்ந்து தெரியும் என்பதால் லென்ஸை மட்டும் மேலே நகர்த்தினார். கம்பங்கள் நான்கும் நூல் பிடித்தாற்போல் நின்றன. அவற்றுக்கு நடுவில், கூரை வரப்போகிற இடத்தில், சிகரம் மாட்டிக்கொண்டிருந்தது.

"தொண்ணூறா?" என்றாள் எல்ஸ்பெத்.

"இங்க அதுதான் சரியா வருது. உனக்காக இல்ல."

"நான் ஒண்ணும் கேக்கலையே. உக்காரு, நீ இன்னும் காப்பியே குடிக்கல."

'நீ' திரும்பி வந்துவிட்டது. சனிக்கிழமை நூற்றெண்பது ரயிலில் சூரிச் போனது.

படத்தைப் பார்த்த தலைவர், "திரு. ஹெஃப்டி, உங்ககிட்ட நான் இதை எதிர்பார்க்கல" என்றார். இப்போது அவர் 'நீங்கள்' என்பதற்குப் போய்விட்டார்.

அடுத்த மாதம் ஊர்க்கூட்டத்தில் அந்தச் சிறு புத்தகம் எல்லோர் மடியிலும் இருந்தது. எல்லோரும் கம்பங்களுக்கு நடுவே மாட்டிக்கொண்ட சிகரத்தைப் பார்த்தார்கள். கடைசியில் தீயணைப்புப் படையிலிருந்து ஒருவர் எழுந்தார்.

"எங்க வண்டிக்கு ரோடு இருந்தா போதும். அறுவை ஆலைப் பக்கம் இருபது மீட்டர் தள்ளிக் கட்டுனா யாருக்கு என்ன நஷ்டம்?"

கைகள் எழுந்தன. எண்ணவே தேவைப்படவில்லை. தள்ளிக் கட்டச் சொல்லித் திட்டம் திருப்பி அனுப்பப்பட்டது.

வெளியே நடைவழியில் தலைவர் பால்ட்ஸை மடக்கினார்.

"கம்பத்தைப் பிடுங்கி நடணும். புதுப் படமும் வேணும். இந்தத் தடவை எங்கேருந்து எடுப்பீங்க? உங்க படுக்கையறையிலேருந்தா?"

"ஜன்னல்லேருந்து இனி கட்டடம் பாதிதான் தெரியும்" என்றார் பால்ட்ஸ் யோசனையாக. "பஸ் நிறுத்தம்தான் சரி. ஆனா அதுக்கு நூத்தியெண்பது வேணுமே."

பின்னால் கோட்டு மாட்டிக்கொண்டிருந்த எல்ஸ்பெத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"வாடகைக்கு எடுத்துக்கோ."