மிளகாய் நெடியும் முதல் பரிசு அடுப்பும்

சுட்ட மீன் விற்கிறவர்களுக்கு சென்ட் தேவையே இல்லை. பஸ்ஸில் ஏறினால் போதும், பக்கத்து சீட்டுக்காரருக்குப் பசி எடுத்துவிடும். புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டே சிரித்துப் பேசுகிற கரியடுப்புச் சொந்தங்களே, உங்களுக்குத்தான் இது.

சுட்ட மீனுக்குப் புதுப் பேர்

திருவொற்றியூரில் எங்கள் கடை. அடுப்பு என்பது பாதியாக வெட்டிய பழைய டிரம். அடியில் துருப்பிடித்து ஓட்டை. கங்கு விழுந்தால் என் வீட்டுக்காரர் நாட்டியமே ஆடிவிடுவார். அப்போதுதான் பார்பெக்யூ திருவிழா, போட்டியில் ஜெயித்தால் சக்கரம் வைத்த ஸ்டீல் அடுப்பு என்று நோட்டீஸ் வந்தது. அந்த அடுப்புப் படத்தின்மேல் எனக்கு அப்படியொரு ஆசை. என் பிள்ளைக்கு நிலாவுக்குப் பதில் அதைக் காட்டித்தான் சோறு ஊட்டினேன்.

கடலோர மைதானத்தில் எங்களுக்கும் இடம் கிடைத்தது. 'கோஸ்டல் பார்பெக்யூ' என்று போர்டு மாட்டிவிட்டார்கள். தினமும் எங்களிடம் மீன் வாங்குகிற ஆட்டோக்கார அண்ணன் வந்து போர்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மீனைப் பார்த்தார். "நேத்து வரைக்கும் சுட்ட மீனா இருந்துச்சே, இன்னாத்துக்குமா பேர மாத்திகினு வந்துகீது?"

குறை ஒன்றுதான்

ஒரு குடும்பம் வியாசர்பாடியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தது. கலர் லைட்டு, பாட்டு, ஆளுயரப் புகை எல்லாவற்றையும் வாய் பிளந்து பார்த்தார்கள். திருவிழாவுக்காக நாங்கள் மீனோடு சுட்ட கோழிக்கால் வாங்கினார்கள். வாங்கிய பிறகும் அந்த அம்மா நகரவில்லை, தட்டை நீட்டியபடியே நின்றார். "இன்னாக்கா, நெருப்பு கீது, புகை கீது, சால்னா எங்க கீது?"

அண்ணி எடுத்த மிளகாய்

நடுவர்கள் மூன்று பேர். வெளியூரிலிருந்து வந்த ஏற்பாட்டாளர்கள் நடுவர்களுக்கான பந்தலை எங்கள் கடைக்கு மேற்கே போட்டிருந்தார்கள். சாயங்காலமானால் கடல்காற்று எங்கள் புகையை அள்ளி எங்கே கொண்டுபோகும் என்று உள்ளூர்க் குழந்தையைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருக்கும்.

கடை முன்னால் நல்ல கூட்டம். என் வீட்டுக்காரரின் அக்கா கலா அண்ணிக்கு அதுதான் பயம். "இவ்ளோ கண்ணு பட்டா பரிசு எங்கேந்துடி வரும்?" என்றார். நான் சங்கரா மீனைத் தட்டில் அடுக்கி நடுவர்களுக்கு அனுப்புகிற நேரம் பார்த்து, ஒரு கை காய்ந்த மிளகாயும் உப்பும் எடுத்து, மீனை, என்னை, இடுப்பிலிருந்த பிள்ளையை, எல்லோரையும் சேர்த்துச் சுற்றி அப்படியே கங்கில் போட்டுவிட்டார்.

அப்புறம் என்ன? காற்று தன் வேலையைச் செய்தது. பந்தலில் முதல் தும்மல், அடுத்து இருமல், அடுத்து நாற்காலி விழுகிற சத்தம். மைக்கில் பேசிக்கொண்டிருந்தவர் 'அன்பான' என்று ஆரம்பித்து அதற்குமேல் போகவே இல்லை. நான் தலையில் கை வைத்து நின்றேன். திருஷ்டி இருந்தால் மிளகாய் கமறாது என்பது எங்கள் வீட்டுக் கணக்கு. அண்ணி மூக்கைச் சிந்திக்கொண்டே ஆனந்தமாகச் சொன்னார்: "பாத்தியாடி, எப்படி நெடி ஏறுது! நம்ம மேல ஒரு கண்ணும் இல்ல!"

சோளம் ஜெயித்த கதை

மூன்று நடுவர்களும் நல்ல காற்றைத் தேடிக் கடல் பக்கம் ஓடினார்கள். அங்கே கடைசியில் மேரியக்கா சோளக்கதிர் சுட்டுக்கொண்டிருந்தார். போட்டிக்குப் பேர் கொடுத்தால்தான் இடம் என்றதால் பேர் கொடுத்தவர். "மொளகாத்தூள் தடவட்டா சார்?" என்று கேட்டாராம். மூன்று தலையும் ஒரே நேரத்தில் வேண்டாமென்று ஆடியது. உப்பும் எலுமிச்சையும் மட்டும் தடவிய கதிர் அவர்களுக்கு அமிர்தமாக இருந்திருக்கிறது. எங்கள் மீனை அப்புறம் சாப்பிட்டார்கள். நாக்கில் ஒன்றுமே தெரியவில்லை என்று கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

முதல் பரிசு மேரியக்காவுக்கு. ஸ்டீல் அடுப்பு மேடையிலிருந்து இறங்குவதைப் பார்த்து நான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். இது மிளகாயால் இல்லை. மேரியக்காவோ தன் குட்டி இரும்புச் சட்டியையும் அந்தப் பளபள அடுப்பையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அதை உருட்டிக்கொண்டு நேராக என்னிடம் வந்தார். "இத்தாம் பெரிச வச்சிகினு நான் இன்னா கண்ணு பண்றது? உன் கடைல போடு. நீ இந்தப் பக்கம் மீன சுடு, நான் அந்தப் பக்கம் சோளத்த சுடறேன். உங்க அண்ணி மட்டும் மொளகாயோட கிட்ட வரக் கூடாது, சொல்லிட்டேன்!"

எதிர்பார்த்தபடி எதுவுமே நடக்காத பார்பெக்யூ திருவிழாவிலிருந்து எதிர்பார்த்த அடுப்பு மட்டும் எப்படியோ வந்துசேர்ந்துவிட்டது, என் வீட்டுக்காரரின் நாட்டியம்தான் நின்றுபோனது.